கூப்பிட்டால் வருகிறவர்கள்

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘அந்தப் பணம்’. தம்பி வெள்ளத்தில் போனதற்கு அரசாங்கம் கொடுத்தது. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கித் தனிக் கணக்கில் போட்டாள், அதோடு சரி. பாஸ் புக்கை ஒரு நாள்கூடத் திறந்து பார்த்ததில்லை. நடுவில் ஒரு மழைக்கு என் தையல் அறை ஒழுகி, அடுத்தவர்கள் நம்பிக் கொடுத்த துணியெல்லாம் நனைந்து, நான் கடனோ உடனோ வாங்கிக் கூரையை மாற்றினேன். அப்போது வாய் தவறி, “அந்தப் பணம் சும்மாதானே கிடக்கு” என்று சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை. தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அப்பா இருந்த காலத்தில் வேறொரு ஊரில் ஒரு சின்ன வீடு வாங்கிப் போட்டிருந்தார். தம்பிக்கு அங்கே ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வேலை கிடைத்ததும் அதில் குடியேறினான். ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, மாடி இல்லாத ஒற்றை வீடு. பிள்ளை தனியாக இருக்கிறான், பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கிறது, திருடன் வந்தால் என்ன செய்வது என்று பயந்து, எல்லா ஜன்னலுக்கும் கனமான கம்பி போடச் சொன்னது அம்மாதான். வெள்ளம் வந்த அன்று வாசல் கதவைத் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொண்டது. ஜன்னல்களில் கம்பி. இதைப் பற்றி நாங்கள் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாவிட்டால் மட்டும் அவள் மறந்துவிடுவாளா என்ன?

அக்காவின் பாடு வேறு. அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். டாக்டரைத் தேடுகிறவர்களை டாக்டரோடும், பிள்ளை பிறந்ததா என்று கேட்கிறவர்களைப் பிரசவ வார்டோடும் நாள் முழுக்கச் சேர்த்து வைப்பாள். அன்றைக்குத் தம்பி கூப்பிட்டது அவளைத்தான். ஒரு காதில் அவனை வைத்துக்கொண்டே அடுத்த லைனில் தீயணைப்பு நிலையம், போலீஸ், நிவாரணச் சங்கங்கள் என்று கைக்குக் கிடைத்த நம்பரையெல்லாம் சுற்றினாள். சிலர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள் குறித்துக்கொண்டோம் என்றார்கள். யாரும் போகவில்லை. அவன் குரல் நின்ற பிறகும் அவள் லைனைத் துண்டிக்கவில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு வந்த பெண்தான் அவள் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாளாம்.

இப்போது மூன்று வருஷம் கழித்து அதே ஆறு மறுபடியும் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்திருந்தது. டி.வி.யில் பார்த்தோம். தெருவெல்லாம் பழுப்புத் தண்ணீர். எங்கள் வீடு அங்கே பூட்டித்தான் கிடக்கிறது, சாவி அம்மாவிடம். அவள் சத்தத்தைக் குறைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமலே சொன்னாள்.

“அந்தப் பணத்தைக் குடுத்துடலாம்.”

அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“யாருக்கும்மா?”

“கூப்பிட்டா யாரு வருவாங்களோ, அவங்களுக்கு.”

சொல்வது சுலபம். வெள்ளம் வந்தால் மீன் வருகிறதோ இல்லையோ, சங்கங்கள் வந்துவிடுகின்றன. ஒருத்தர் விளம்பரத்தில் அழுகிற குழந்தை. இன்னொருத்தர் விளம்பரத்தில் அதே குழந்தை, படத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஒரு சங்கம் அனுப்புகிற ஒவ்வொரு வாளியிலும் தலைவர் சிரிக்கிறார். வீடு வாசல் போனவன் அந்த வாளியில் முகம் கழுவ வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் ஊரை ஏமாற்றுகிற கூட்டம், பணத்தைக் கொண்டுபோய் ஆற்றிலேயே போட்டுவிடலாம் என்று கத்தினேன்.

“நீ கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரும்மா” என்றார் மேனேஜர் மாமா. அவர் எங்கள் மாடியில் குடியிருப்பவர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, என் வெட்டுமேஜையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். “எல்லாரும் திருடன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுபோச்சு, நாம குடுக்கவும் வேண்டாம். அது சோம்பேறித்தனம்.”

மனிதர் சொன்னதில் விஷயம் இருந்தது. வெள்ளம் வந்த பிறகு முளைத்ததா, முன்னாலேயே அந்தப் பக்கம் வேலை செய்ததா பார் என்றார். போன தடவை வசூலித்ததற்குக் கணக்கு வெளியிட்டார்களா பார். கேமரா போன பிறகும் அங்கே இருந்தார்களா என்று பார். இப்படிச் சலித்துச் சலித்து, சாயங்காலத்துக்குள் ஒரு பெரிய கூட்டத்தை நாலு பேராகக் குறைத்துவிட்டார். மூன்று பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. நாலாவது யாரும் கேள்விப்படாதது. ஆற்றோரத்துப் படகுக்காரர்கள் சிலர் சேர்ந்து பதிவு செய்து வைத்திருக்கிற ஒரு குழு. அவர்கள் இணையப் பக்கத்தில் கோணல்மாணலாக ஒரே ஒரு போட்டோ, பெட்ரோல் வாங்கிய ரசீது வரைக்கும் கணக்கு.

அக்கா வாசலில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள், வேலையிலேயே பேசித் தீர்த்துவிடுவாள்.

“மாமா, இவங்களுக்கெல்லாம் போன் போட்டா யாராவது எடுப்பாங்களா?”

“கணக்குல அது இருக்காதும்மா.”

“அதான் எனக்குத் தெரியணும்.”

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கியது. “வெள்ள நேரம்மா. நெசமா மாட்டிக்கிட்டவங்க கூப்பிடுற லைன் அது. நாம அடைக்கக் கூடாது.”

“எடுக்கிறாங்களான்னு மட்டும் பார்ப்பேன். எடுத்ததும் வச்சிடுவேன்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே மாடிக்குப் போனார். அது சம்மதம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியும், அதற்கு மேல் அக்காவிடம் எப்படிப் பேசுவார்?

மறுநாள் அக்காவுக்கு விடுமுறை. அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா எதிரில் உட்கார்ந்து, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

முதல் சங்கத்துக்கு இரண்டு நம்பர். நன்கொடை நம்பரை முதல் மணியிலேயே எடுத்தார்கள். ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். உதவி நம்பரில் பதிவு செய்த குரல் ஒன்று, காத்திருங்கள் என்றது, பிறகு பாட்டுப் போட்டது. அக்கா பொறுமையாகக் காத்திருந்தாள். பாட்டு முடிந்து மறுபடி அதே பாட்டு வந்தது.

“தண்ணியில நிக்கிறவன் பாட்டுக் கேக்கட்டும்னு போட்டிருக்காங்க போல” என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

இரண்டாவது இடத்தில் ஒருவர் எடுத்தார். ஆபீஸ் நேரத்தில் கூப்பிடுங்கள் என்றார். இது ஆபீஸ் நேரம்தானே என்று அக்கா கேட்டதற்கு, சாப்பாட்டு நேரம் என்றார். மூன்றாவது இடத்துப் பையன் தங்கமாகப் பேசினான், பாவம். ஆனால் அவனால் முடிந்தது இவ்வளவுதான்: இணையத்தில் விவரம் பதிந்தால் அந்தப் பகுதிப் பொறுப்பாளர் தொடர்புகொள்வார். அவன் இருந்தது வேறு ஏதோ ஊரில். அந்த ஆறு எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. அக்காவின் முகத்தில் ஒன்றும் இல்லை. இதெல்லாம் அவள் ஏற்கனவே ஒரு தடவை பார்த்ததுதானே.

படகுக்காரர்களுக்கு ஒரே நம்பர்தான், நன்கொடைக்கும் அதுதான், உதவிக்கும் அதுதான். மணி அடித்தது. கரகரத்த ஆண் குரல், பின்னால் மோட்டார் சத்தம்.

“சொல்லுங்க.”

அக்காவும் வேலையில் அப்படித்தான் எடுப்பாள். வணக்கம் கிடையாது, பெயர் கிடையாது. துண்டிப்பதற்காக நீட்டிய விரல் அப்படியே நின்றது.

“சொல்லுங்க, கேக்குது. எங்க மாட்டிக்கிட்டிருக்கீங்க?”

“நான் இல்ல.” அக்கா விரலை மடக்கிக்கொண்டாள். “என் தம்பி.”

“எத்தனை பேரு?”

“ஒரே ஆளு.”

“வயசு?”

“இருபத்தேழு.”

“நீச்சல் தெரியுமா?”

“தெரியாது.”

“தண்ணி எது வரைக்கும் வந்திருக்கு?”

“கட்டிலுக்கு மேல வந்துடுச்சு. மேஜை மேல ஏறி நிக்கிறான்.”

என் கை நின்றுவிட்டது. அவை தம்பி அன்றைக்குச் சொன்ன வார்த்தைகள். அக்கா எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள், ஆனாலும் எனக்கு மனப்பாடம்.

“மேல ஏற வழி இருக்கா?”

“படி கிடையாது. வாசக்கதவு திறக்கல. ஜன்னல்ல கம்பி இருக்கு. கனமான கம்பி.”

“சரி, அறுக்கிறதுக்கு எடுத்துக்கிறோம். விலாசம் சொல்லுங்க.”

சொன்னாள். தெரு, வீட்டு நம்பர், எதிரில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்பது வரைக்கும் சொன்னாள். அந்தக் குரல் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தது.

“அவரு பேரு?”

எங்கள் வீட்டில் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். முழுப்பெயரைச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. அக்கா சொன்னாள்.

“அவரை அடிக்கடி கூப்பிடாதீங்கக்கா, சார்ஜ் தீந்துடும். மேஜையை விட்டு இறங்க வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க. பயப்படாதீங்க. வர்றோம்.”

போனை வைத்தாள். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். தம்பி போன பிறகு அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. காய்ச்சல் விட்டவள் மாதிரி இருந்தாள்.

“இவங்களுக்குத்தான்” என்றாள். “அன்னிக்கு இப்படி ஒருத்தன் கேட்டிருந்தா போதும்டி. இப்படிக் கேட்டிருந்தாலே போதும்.”

“அக்கா, விலாசம் குடுத்துட்டியே. நெசமாவே போயிட்டாங்கன்னா?”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். நான் ஏதோ கிறுக்குத்தனமாகப் பேசிவிட்டதுபோல.

“யாருடி போவா?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நான் பேன்ட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

அம்மாவிடம், ஒரு குழு இருக்கிறது, நல்லபடியாகப் பேசுகிறார்கள் என்று மட்டும் சொன்னோம். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. பீரோவிலிருந்து பாஸ் புக்கை எடுத்து முந்தானையால் துடைத்து, காலையில் வங்கிக்குப் போகும்போது மறக்கக் கூடாது என்று என் மேஜைமேல் வைத்தாள். அன்றைக்கு அவள் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

விடிந்தும் விடியாத நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. அம்மா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். அக்கா அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்தாள், கை ஈரம். “யாருன்னு பாரு” என்றாள். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா, நேத்து பேசினோமே. படகு.”

அதே குரல். ஆனால் தொண்டை கட்டிப்போயிருந்தது.

“அங்க டவர் இல்லக்கா. இப்பதான் மேட்டுக்கு வந்தோம், அதான் சொல்ல முடியல.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “உங்க தம்பி கிடைக்கலக்கா. மன்னிச்சிடுங்க.”

அக்கா ஈரக் கையைத் துடைக்காமல் நின்றாள். அடுப்படியில் சத்தம் நின்றது.

“கம்பியை அறுத்து உள்ள போனோம். கழுத்து வரைக்கும் தண்ணி. நாங்க ரெண்டு பேரு மாத்தி மாத்தி முங்கித் தேடினோம், கட்டிலுக்கு அடியிலகூட. ஒருவேளை வேற யாராவது முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கலாம், முகாம்லயும் கேக்கச் சொல்லியிருக்கேன். மனசை விட்டுடாதீங்க. வெளிச்சம் வந்ததும் இன்னொரு தரம் போறோம்.”

“போகாதீங்க” என்றாள் அக்கா.

“இல்லக்கா, பகல்ல பார்த்தா...”

“அவன் அங்க இல்ல. அவன் செத்து மூணு வருஷம் ஆச்சு. அந்த வீட்டுலதான். அன்னிக்கு யாரும் வரல.” அக்கா ஒரே மூச்சில் சொன்னாள். “பணம் குடுக்கிறதுக்கு முன்னாடி, யாரு எடுக்கிறாங்கன்னு பார்க்கக் கூப்பிட்டேன். நீங்க கேட்டீங்க, நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போயிட்டேன். வருவீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.”

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். தண்ணீர் எதிலோ மோதும் சத்தம் கேட்டது. அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானாக இருந்தால் வாய்க்கு வந்தபடி பேசியிருப்பேன்.

“அடுத்த தெருவுல ஒரு மாடியில ஒரு அம்மா கைக்குழந்தையோட நின்னாங்க” என்றான் மெதுவாக. “எங்களைப் பார்த்துக் கை காட்டினாங்க. அவங்க மாடியில நிக்கிறாங்க, கொஞ்சம் தாங்குவாங்க, இவரு மேஜை மேல நிக்கிறாரு, நீச்சல் வேற தெரியாது, அப்படின்னு உங்க வீட்டுக்குத்தான் முதல்ல போனோம். அவங்களை ஏத்துறப்ப இருட்டிப்போச்சு. குழந்தை அவ்வளவு நேரமும் மழையில நனைஞ்சிருக்கு. மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம்.”

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பொழச்சுக்குமா?” என்று நான்தான் கேட்டேன்.

“பொழச்சுக்கும்னுதான் டாக்டர் சொல்றாரு.”

“எந்த ஆஸ்பத்திரி?” என்றாள் அக்கா. அவன் சொன்னான். “நான் அங்க பேசறேன். அந்த ஊரு ஆபரேட்டர்களை எனக்குத் தெரியும். வேற பெரிய இடத்துக்கு மாத்தணும்னாலும் நான் பேசி ஏற்பாடு பண்றேன்.”

“பேசுங்க” என்றான்.

அப்போதுதான் அம்மா வந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது, எல்லாவற்றையும்தான் கேட்டிருக்க வேண்டும். என்னிடமிருந்து போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நான் அவனோட அம்மா பேசறேன்ப்பா. என் பொண்ணு பண்ணினது தப்பு. அந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. உங்களுக்கு எங்க மேல கோவம் இருக்கும்.”

“இருக்கும்மா.”

“இருக்கணும்.” அம்மா போனை இன்னும் கிட்டே பிடித்துக் கேட்டாள். “வீட்டுக்குள்ள போனீங்களா?”

“போனோம்மா.”

“எல்லா ரூமும் பார்த்தீங்களா?”

“எல்லாம் பார்த்தோம். பரண் மேலகூட டார்ச் அடிச்சுப் பார்த்தோம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தோம்.”

“பேரைச் சொல்லியா?”

“ஆமாம்மா. மயக்கமா கிடந்தா காதுல விழட்டும்னு. சத்தம் போட்டுப் போட்டுத்தான் தொண்டை போயிடுச்சு.”

அம்மா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. உதடு மட்டும் அசைந்தது, அவன் பெயராகத்தான் இருக்கும். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த இருட்டு வீட்டில், கழுத்தளவு தண்ணீரில், முன்பின் தெரியாத இரண்டு பேர் என் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“அம்மா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்ப்பா. ஒரு பணம் இருக்கு. அவனுக்காக வந்தது. உங்களுக்குத்தான் அனுப்பணும்னு நேத்தே எடுத்து வச்சேன். வேண்டாம்னு சொல்லாதீங்க.”

“சொல்ல மாட்டேன்மா. பெட்ரோல் இல்லாம ரெண்டு படகு கரையில நிக்குது. அனுப்புங்க, ரசீது போட்டுத் தர்றோம். ஆனா ஒண்ணு. இனிமே யாரையும் இப்படிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டாம்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. எது நெசம்னு எங்களுக்குத் தெரியாது. நாங்க போயிடுவோம்.”

“சொல்றேன்.”

“அப்புறம், அந்த ஜன்னல் கம்பி மொத்தத்தையும் அறுத்துட்டோம். தண்ணி வடிஞ்சதும் ஆள் வச்சுப் பழையபடி பத்த வச்சுத் தர்றோம்மா.”

அம்மா ஒரு கையால் என் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். பாஸ் புக் அவள் விரலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

“வேண்டாம்ப்பா” என்றாள். “அது அப்படியே திறந்து கிடக்கட்டும்.”